கட்டாயமில்லை

புறக்கோட்டை, நாலாம் மாடி, இரவு எட்டரை.
லிப்ட் ஆறு மணியோடு உறங்கிவிடும்.
சேர்வரை நானும் காவலாளி அபேவிக்கிரமவும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறினோம்
பிரேதம் தூக்குவதுபோல். இல்லை,
பிரேதத்துக்கு நாலு பேராவது வருவார்கள்.

பழையது வெள்ளிக்கிழமை நின்றுபோனது.
ஒன்பது வருடமாய் யார் யாரோ கேட்டதையெல்லாம்
தன்மேல் ஏற்றிக்கொண்ட பெட்டி:
எவரும் அச்செடுக்காத அச்சுச் சேவை,
ஆளே இல்லாத அறையில் அலங்காரத் திரை,
போதாததற்கு ஒரு சீட்டாட்டம்.
அந்தச் சீட்டாட்டத்தின் ஓட்டை வழியாகத்தான்
எவனோ உள்ளே புகுந்தான் என்று சொல்ல
என்னிடம் ஆதாரம் இல்லை.
ஆசை இருக்கிறது.

ஆகவே இந்த முறை மொட்டையாய்.

பென்டிரைவைச் செருகியதும் நீலத்திரை கேட்டது
இன்னும் என்னென்ன வேண்டும் என்று.
ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டியே ஒரு நட்சத்திரம்,
சோற்றுப் பார்சலுக்குள் கேட்காமலே
வைத்துக் கட்டிவிடும் கறிகள்போல்.
தட்டத் தட்ட அணைந்தன.
வரைகலைத் திரை வேண்டாம்.
அச்சு வேண்டாம், அஞ்சல் வேண்டாம்.
ஒலி? சுங்கப் பத்திரம் சுமக்கிற பெட்டிக்கு என்ன பாட்டு.
எழுத்துருக்கள், மொழிப் பொதிகள்
என்ற வரியையும் விரல் அதே வேகத்தில் கடந்தது.
எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாசகம்:
கட்டாயமில்லை.

ஒன்பதரைக்கு கரண்ட் போனது.
யூபிஎஸ் குருவிபோல் கத்தத் தொடங்கியது.
ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க இருட்டு;
துறைமுகத்துக் கிரேன்களில் மட்டும் வெளிச்சம்.
ஃபளீல் ஹாஜியார் வட்ஸ்அப்பில் மூன்றாம் முறையாக
முடிஞ்சதா என்றார்.
மாலு பாண் ஒன்றை இரண்டாய்ப் பிய்த்தோம்.
மீன் இருந்த பாதி அவருக்குப் போனது.

முடிந்தபோது திரையில் ஒன்றுமில்லை,
கறுப்பில் ஒரு சிறு கோடு
விழித்து விழித்து மூடியதைத் தவிர.
திரை பழுதா என்று சிங்களத்தில் கேட்டார்.
இது இப்படித்தான், இதுதான் நல்லது என்றேன்,
வழக்கம்போல் வினைச்சொல்லைப் பிழையாக்கி.

பிறகு தரவுகளை ஏற்றினேன்.
பெயர்ப் பட்டியல் ஓடியது.
ஆங்கிலம் ஆங்கிலமாகவே வந்தது.
மற்றதெல்லாம் கட்டங்கள்.
ரொறன்ரோவிலிருந்து தையல் மெஷின் உதிரிகள்,
ஒரு பெட்டி, பெறுநர் தவமலர்:
ஆறு வெற்றுக் கட்டங்கள்.
காவல் பதிவேட்டில் என் பெயரைக் காட்டு என்று
அபேவிக்கிரம குனிந்தார்.
அவரும் கட்டங்கள்தான், கொஞ்சம் நீளமாய்.
விரலால் எண்ணிப் பார்த்தார். சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
தமிழ்ப் படிவம் பிறகு வரும் என்று சொன்ன
எத்தனையோ கவுண்டர்களில் நின்ற எனக்கு
அந்த நட்சத்திரத்தை அணைத்தது
என் விரல்தான் என்பது உறைத்தது.

சோதனைக்காகக் கைபேசியில் திறந்தேன்.
தவமலர்.
புள்ளி விழாமல், ரகரம் சிதையாமல்.
பதினெட்டு பைட்டையும் அப்படியே
கொண்டுவந்து கொடுத்திருந்தது
அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத பெட்டி.
போதும், வேலைக்கு இது போதும்.
எனக்குப் போதுமா என்பதை
அந்த நேரத்தில் யோசிக்க விருப்பமில்லை.
எழுத்துருப் பொதியை ஏற்றும் கட்டளையைப்
பாதி தட்டச்சு செய்தேன்,
அழித்தேன்.
இந்த அறைக்கு யார் வந்து வாசிக்கப்போகிறார்கள்.

பழையதைக் கீழே இறக்க வேண்டும்.
படிகளில் கைபேசி வெளிச்சம் வாயில் கவ்வியபடி அவர்,
பின்னால் நான்.
இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.
இது அதைவிடக் கனம் என்றார்.
இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி,
பதினேழு கிலோ, ஒட்டுத்தாளிலேயே இருக்கிறது.
நான் திருத்தவில்லை.
என் பக்கமும் இழுக்கத்தான் செய்தது.